ஆதாரத்தில் இல்லாத பெயர்

வாழ்நாளில் ஒருமுறையோ, மிஞ்சிப்போனால் இருமுறையோ மட்டும் நாம் செய்யும் செயல்கள் சில உண்டு. வீடு வாங்குதல் அவற்றுள் ஒன்று. அடிக்கடி செய்யும் செயலில் அனுபவமே ஆசானாகிறது. ஒருமுறையே செய்யும் செயலில் பிறருடைய அறிவை நம்பித்தான் நிற்க வேண்டியிருக்கிறது. அந்தப் பிறர் யார், அவரை நாம் எதற்காகத் தேர்ந்து கொள்கிறோம் என்னும் வினாவை வெறும் நடைமுறைக் காரியமாகக் கருதி விட்டுவிடுவது வழக்கம். அதை அறநெறி சார்ந்த வினாவாகவே காண வேண்டும் என்பது நம் எண்ணம்.

பேச்சிப்பாறையைச் சூழ வாழும் மக்களுக்கு இவ்வினா சற்றுக் கூர்மையானது. 1906-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அணையின் நீர் கீழே நாஞ்சில் நாட்டு வயல்களுக்குப் பாய்கிறது. மேலே மலைச்சரிவுகளில் காடும் ரப்பர்த் தோட்டங்களும் விரிந்து கிடக்கின்றன. தோட்டக் குடியிருப்பில் வாழ்ந்து, பல்லாண்டுகள் பால் வெட்டி, ஓய்வு பெற்றபின் அக்குடியிருப்பைக் காலி செய்ய வேண்டிய தொழிலாளி, தம் பணிக்கொடையைக் கையில் எடுத்துக்கொண்டு குலசேகரம் பக்கமோ திற்பரப்புப் பக்கமோ ஐந்து சென்ட் நிலமும் ஒரு சிறு வீடும் தேடுகிறார். அந்தப் பணம் தவறிப்போனால் அவருக்கு இன்னொரு பணிக்கொடை வரப்போவதில்லை.

அவர் யாரிடம் செல்கிறார்? பெரும்பாலும் தரகர் கைகாட்டும் பத்திர எழுத்தரிடம். இங்கிலாந்தில் வீடு வாங்குபவருக்குத் தனியாகவும் விற்பவருக்குத் தனியாகவும் சட்டம் அறிந்தவர் ஒருவர் இருப்பதே வழக்கம். நிலப்பதிவகத்தில் ஏறிய உரிமைக்கு அரசே உறுதியளிக்கிறது. நம் நாட்டிலோ 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவாவது பத்திரமே அன்றி உரிமை அன்று. விற்பவர் உண்மையான உரிமையாளர்தாமா என்பதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தின் முத்திரை பொறுப்பேற்பதில்லை. அங்கே அரசு தாங்கும் சுமையை இங்கே வாங்குபவரும், அவருக்காக ஆவணங்களைப் படிப்பவருமே தாங்க வேண்டியிருக்கிறது.

பத்திர எழுத்தர்களைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. உரிமம் பெற்று, பிழையின்றி நான்கெல்லை எழுதும் நல்லோர் பலர் உளர். ஆயினும் சொல்லப்பட்டதை முறையாக எழுதித் தருவதே அவர்தம் பணி. சொல்லப்பட்டது மெய்தானா என ஆராய்வது வழக்கறிஞரின் பணி. 'லீகல் ஒப்பீனியன்' என்று நம் மக்கள் கூறுவது அதைத்தான். வங்கிக் கடன் கேட்கும்போது மட்டும், வங்கி வற்புறுத்துவதால், அதை வாங்குகிறோம். அந்தக் கருத்துரை வங்கியின் பணத்தைக் காக்க எழுதப்படுவது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இங்கே ஒன்றை அழுத்திக் கூற விரும்புகிறோம். விற்பனை முடிந்தால்தான் தரகருக்குத் தரகு. பத்திரம் எழுதினால்தான் எழுத்தருக்குக் கூலி. வழக்கறிஞருக்கும் கிரயம் முடிந்த பின்னரே பணம் என்று பேசிவிட்டால், 'வேண்டாம்' என்று சொல்வதில் ஆதாயம் உள்ளவர் ஒருவரும் அந்த அறையில் இல்லை. ஆகவே, வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இவ்வளவு என்று கட்டணத்தை முன்னரே பேசி முடிப்பது நன்று. முன்பணம் கொடுத்தபின் வழக்கறிஞரைத் தேடுவது, மணவோலை வாசித்து முடிந்தபின் பெண்ணைப் பற்றி விசாரிப்பதற்கு ஒப்பாகும்.

'வேண்டாம்' என்னும் சொல்லுக்கு நம் மலைப்பகுதியில் தேவை மிகுதி. காணி மக்களுக்கு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் நிலம் அவர்தம் பிள்ளைகளுக்குச் செல்லும், விலைக்குச் செல்லாது. தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அறிவிக்கை செய்யப்பட்ட நிலத்தை உரிய குழுவின் முன்அனுமதி இன்றி விற்க இயலாது. இத்தகைய நிலம் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. அக்காரணத்தை நம்மிடம் சொல்பவரே நமக்கு வேண்டியவர்.

விவேகம் என்னும் நற்பண்பை விளக்கும் புனித தோமா அக்குவினாஸ், பிறரிடம் கற்றுக்கொள்ளும் பணிவை அதன் ஒரு கூறாகவே வைக்கிறார். செயல்கள் எண்ணற்ற வகையின; தன் அறிவே தனக்குப் போதும் என்பவர் எவருமிலர் என்பது அவர் காட்டும் காரணம். அறிவாளரை நாடுவது பணிவு எனில், நாம் கேட்க விரும்புவதையே சொல்லக்கூடிய அறிவாளரை நாடுவது எது?

இதற்கு விடை தேட நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. குமரி மாவட்டத்தில் பத்திரத்தை இன்றும் பலர் 'ஆதாரம்' என்றே வழங்குகின்றனர். அது திருவிதாங்கூர் ஆட்சி விட்டுச்சென்ற சொல். சொல்லை மட்டுமன்று, ஒரு வழக்கத்தையும் அவ்வாட்சி விட்டுச்சென்றது. 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொத்தில் மகளுக்குரியது மகனது பங்கில் கால்பகுதி அல்லது ஐந்தாயிரம் ரூபாய், இவற்றுள் எது குறைவோ அது. சீதனம் கொடுத்தாயிற்று எனில் அதுவும் இல்லை. ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிடும் மரபுடைய இலத்தீன் முறைக் கத்தோலிக்கரில் சில பிரிவினர்க்கு அச்சட்டமே விலக்களித்திருந்தது என்பதையும் நினைவுகூர வேண்டும். ஆயினும் 'நகை போட்டு அனுப்பியாயிற்று. இனி அவளுக்கு என்ன?' என்னும் பேச்சு பொதுவழக்காகவே நிலைத்துவிட்டது.

அச்சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதில் சென்னை உயர் நீதிமன்றமே 1970-களில் இருவேறு விதமாகத் தீர்ப்பளித்தது. கோட்டயத்தைச் சேர்ந்த கல்வியாளர் மேரி ராய் தொடுத்த வழக்கில், 1986 பிப்ரவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் ஐயத்தை நீக்கியது. 1951 ஏப்ரல் 1 முதலே பழைய சட்டம் மறைந்துவிட்டது. அன்று தொடங்கி 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே செல்லும் என்றது. அதன்படி உயிலின்றி இறந்தவரின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சியது மக்கள் அனைவருக்கும், ஆண் பெண் வேறுபாடின்றிச் சமமாக.

இதன் விளைவை வீடு வாங்குபவரின் இடத்தில் நின்று பார்ப்போம். விற்பவர் இரு சகோதரர்கள். பட்டா அவர்கள் பெயரில். கரம் அவர்களே கட்டுகின்றனர். முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வில்லங்கச் சான்று காட்டுவது பதிவான பத்திரங்களைத்தான். தந்தை இறந்த அன்றே சட்டத்தினால் பங்கு பெற்று, எந்தத் தாளிலும் ஒருபோதும் கையொப்பமிடாத ஒரு சகோதரியை அது காட்டாது. அவர் பெயரைக் கண்டறிய ஒரே வழி, 'உங்கள் தந்தைக்குப் பிள்ளைகள் எத்தனை பேர்?' என்று ஒருவர் வாய்திறந்து கேட்பதுதான்.

அதைக் கேட்கும் வழக்கறிஞரை நம்மவர் விரும்புவதில்லை. 'காரியத்தைக் கெடுக்கிறார்' என்பர். கேட்காத இன்னொருவரிடம் செல்வர். அறநெறி இயலார் இதற்கொரு பெயர் வைத்துள்ளனர்: வலிந்து மேற்கொண்ட அறியாமை. அறியாமை பொதுவாகக் குற்றத்தைக் குறைக்கும். அறிந்தால் இடையூறாகும் என்று அஞ்சி அறியாதிருக்க ஒருவர் தாமே ஏற்பாடு செய்துகொண்டால், அது குறைப்பதில்லை. மூன்று தலைமுறைக் குடும்ப வரலாற்றைத் தோண்டித் துருவ வாங்குபவர் கடமைப்பட்டவர் அல்லர். நல்லெண்ணத்துடன் விலை கொடுத்தவரைத் திருச்சபையின் அறநெறியும் அரவணைத்தே பேசுகிறது. ஆனால் கேட்கக்கூடியவரை ஒதுக்கி, கேட்காதவரைத் தேடிப் பிடித்தபின் அந்த நல்லெண்ணம் எங்கே மிஞ்சும்?

விற்பவரும் எப்போதும் வஞ்சகர் அல்லர். வீட்டின் மறைந்த குறையை விற்பவர் சொல்லியாக வேண்டுமா என்று பண்டைய அறிஞர்கள் வாதிட்டதைச் சிசரோ எழுதி வைத்துள்ளார். சொல்லியாக வேண்டும் என்பதே அவர் தீர்ப்பு. ஆனால் நம்மூரில் விற்பவர் தம் சகோதரியின் பங்கை ஒரு குறையாகவே நினைப்பதில்லை. திருமணத்தோடு கணக்குத் தீர்ந்தது என்று மெய்யாகவே நம்புகிறார். ஒரு வழக்கறிஞரின் ஒற்றைக் கேள்வி அந்த உறக்கத்தைக் கலைக்கக்கூடும். ஞாயிறு மறையுரையால் ஆகாதது இதனால் ஆவதும் உண்டு. இதைச் சொல்ல நமக்கு வெட்கமில்லை.

நேர்மையானவரைத் தேர்ந்த பின்னர் அவரை நேர்மையாக இருக்க விடுவதும் ஒரு கடமை. நம் மாநிலத்தில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. ஏழைக்கு அது பெருந்தொகைதான், மறுக்கவில்லை. அதற்காக மெய்விலையில் பாதியை எழுதச் சொல்லி, மீதியை மஞ்சள் பையில் கொடுக்கிறோம். நமக்கு மெய் சொல்ல வேண்டும், நமக்காகப் பொய் எழுதவும் வேண்டும் என்று ஒரே மனிதரிடம் கேட்கிறோம். இரண்டாவதற்கு இணங்குபவரின் முதலாவதை எவ்வாறு நம்புவது? பின்னொரு நாள் நிலம் கைநழுவினால், சான்றுடன் திரும்பக் கேட்கக்கூடியதும் எழுதிய பாதி மட்டுமே.

வழக்கறிஞரும் மனிதரே. அறநெறி இயலாரின் பாதுகாவலராகிய புனித அல்போன்ஸ் லிகோரி இளமையில் நேப்பிள்ஸ் நகரில் புகழ்பெற்ற வழக்கறிஞர். 1723-இல் பெருஞ்சொத்து பற்றிய வழக்கொன்றில், தம் கையிலிருந்த ஆவணத்தின் ஒரு பகுதியைக் கவனிக்கத் தவறித் தோற்றார். அத்தோடு நீதிமன்றத்தை விட்டே அகன்றார். அத்தகையவரே தவறினார் எனில், எல்லாவற்றையும் வழக்கறிஞர் தலையில் ஏற்றிவிட்டு நாம் உறங்கலாகாது. மூலப்பத்திரத்தின் நகலை மட்டுமன்றி மூலத்தையே அவர் கண்ணில் காட்ட வேண்டும். அண்டை வீட்டார் சொன்ன எல்லைத் தகராறு, அரைகுறையாகக் காதில் விழுந்த உயிற்செய்தி, எதையும் மறைக்கலாகாது. எழுதிய பத்திரத்தை ஒருமுறை உரக்கப் படித்துக் கேட்டபின்னரே கையொப்பமிட வேண்டும்.

சகோதரியின் காரியத்துக்கு வருவோம். 'இத்தனை ஆண்டுகளுக்குப் பின் அவர் வழக்குத் தொடுத்தாலும் வெல்வது அரிது' என்று வழக்கறிஞர் சொல்ல நேரலாம். 'ஆபத்து உண்டா?' என்னும் கேள்விக்கு அது விடை. 'அவருக்குரியது அவருக்குச் சேர்ந்ததா?' என்பது வேறு கேள்வி. அதையும் அவரிடமே கேட்கலாம்; வழி சொல்லக்கூடியவரும் அவரே. வழி கடினமானதுமன்று. சகோதரியும் விற்பவர்களுள் ஒருவராகக் கிரயப் பத்திரத்தில் சேர்ந்தால் தனியே விடுதலைப் பத்திரம் வேண்டியதில்லை. அவர் மார்த்தாண்டத்தில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும் கையொப்பமிட ஒரு நாள் வரலாம். விரும்பித் தம் பங்கை விட்டுக்கொடுப்பாராயின் அதுவும் அவர் உரிமை. ஆனால் தம் பங்கு எவ்வளவு என்று அறிந்தபின் விட்டுக்கொடுக்க வேண்டும். அண்ணன் நீட்டிய தாளில், அடுக்களை வாசலில் நின்றபடி இட்ட கையொப்பம் போதாது. பங்கை வாங்கிக்கொள்வாராயின், தொகையைச் சகோதரர் கையில் மொத்தமாகக் கொடுக்காமல், அவர் பெயரில் தனி வங்கி வரைவோலை எடுத்து, அதன் எண்ணையும் பத்திரத்தில் எழுதிவிடுமாறு வழக்கறிஞரிடம் சொல்லலாம்.