மறுபடியும் அவனையே நிறுத்தலாமா?

ஜூன், ஜூலை இரண்டு மாதமும் எங்கள் பக்கத்துக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கடியப்பட்டணத்தில் அப்போது பேச்சுக்குப் பஞ்சமே இருக்காது. கல்லூரிகள் திறக்கிற நேரமும் அதுதான். ஆகவே கோயில் முற்றத்துப் பேச்சு மீன்விலையில் தொடங்கினாலும் கால்பந்தில்தான் வந்து நிற்கும். இந்த வருடம் அதிலும் ஒரே பேச்சு: நாகர்கோவில் கல்லூரி ஒன்றின் அணிக்குக் கோலியாக நிற்கிற எங்கள் ஊர்ப் பையனை இந்த சீசனிலும் நிறுத்தலாமா, கூடாதா?

போன வருடம் கல்லூரிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டத்தில் கடைசி நிமிடங்களில் ஒரு பந்தை விட்டுவிட்டான். ஒன்றுக்குப் பூஜ்யத்தில் தோல்வி. நானும் போயிருந்தேன். மழை பெய்து ஓய்ந்த தரை. இடது பாக் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு தேவையில்லாமல் திரும்பினான், பறிகொடுத்தான். நடுவில் நின்றவன் துரத்தாமல் கையைத் தூக்கி ஆஃப்சைடு கேட்டுக்கொண்டிருந்தான். இருபது அடி தூரத்திலிருந்து அடித்த பந்து தரையில் பட்டு வழுக்கி, பையனின் உள்ளங்கையில் பட்டு உள்ளே போனது. அவன் கையுறையின் உள்ளங்கைப் பஞ்சு தேய்ந்து துணி தெரியும். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

“கோலிய மாத்தாம டீம் உருப்படாது சாரே” என்கிறார்கள். இதே வாய்கள்தான் அரையிறுதியில் அவன் ஒரு பெனால்ட்டியைத் தட்டிவிட்டபோது, “ராயப்பரு கைய குடுத்தாருலே” என்று கூவின (இராயப்பர் என்பது எங்கள் பங்கின் பாதுகாவலர் பேதுருதான்). நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்கல்வியும் எடுக்கிறேன். எனக்கு இந்த இடத்தில் கணக்கு உதைக்கிறது. பிடித்தால் இராயப்பர், விட்டால் பையன் என்றால் வரவு ஒருவர் பேரிலும் செலவு இன்னொருவர் பேரிலும் எழுதுகிற பேரேடாகிவிடும்.

விளையாட்டில் இந்தக் கணக்கைச் சிரித்துவிட்டுப் போகலாம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது சிரிக்க முடியவில்லை. கரை சேர்ந்தவனின் வீட்டில் நன்றித் திருப்பலி கேட்டார்கள். சேராதவனின் தாய் அதே கோயிலில், அதே தரையில் உட்கார்ந்திருந்தாள். ‘கடவுள் அவனைக் காப்பாற்றினார்’ என்ற வாக்கியத்தை அன்றைக்குப் பிறகு நான் வகுப்பில் சொல்வதில்லை. கடவுள் காப்பதில்லை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அதை உரக்கச் சொன்னால், அவள் மகன் விஷயத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்ற கேள்விக்கும் நான் பொறுப்பாகிறேன். அதற்கு என்னிடம் விடை கிடையாது.

சரி, இராயப்பரை விட்டுவிட்டுப் பையனிடம் வருவோம். குற்றம் அவன்மேல் மட்டும் விழுவது ஏன்? திருப்பலித் தொடக்கத்தில் செய்த பாவத்துக்கு மட்டும் நாம் மன்னிப்புக் கேட்பதில்லை, செய்யாமல் விட்டதற்கும் சேர்த்துத்தான் கேட்கிறோம். ஒரு செயலும் இல்லாமலே பாவம் உண்டாகுமா என்று தாமஸ் அக்குவினாஸ் தனிக்கேள்வியாகவே எடுத்து விவாதித்திருக்கிறார். கோலியின் பிழை எப்போதும் இந்த வகைதான்: தடுக்காமல் விட்டான். இடது பாக் விட்டதும், நடுவில் நின்றவன் ஓடாமல் விட்டதும் அதே வகை. ஆனால் அவர்களுக்குப் பின்னால் இன்னொரு ஆள் இருந்தான். கோலிக்குப் பின்னால் வலைதான் இருக்கிறது, வலை அசைந்தால் ஊர் முழுக்கத் தெரியும். பதினொரு பேர் விட்டதில் கண்ணுக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறோம்.

இந்தப் பழிக்குப் பயந்து கோலிகள் என்ன செய்கிறார்கள் என்பதை இஸ்ரேலிய ஆய்வாளர்கள் சிலர் 2007இல் எழுதினார்கள். 286 பெனால்ட்டிகளைப் பார்த்திருக்கிறார்கள். அடிக்கிறவர்கள் ஏறக்குறைய பத்தில் மூன்று பந்தை நடுவிலேதான் அடிக்கிறார்கள். நடுவில் நின்றால் தடுக்கிற வாய்ப்பும் அதிகம். ஆனாலும் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று தடவைக்கு மேல் கோலி இடமோ வலமோ பாய்ந்துவிடுகிறான். பாய்ந்து விட்டால் ‘முயன்றான்’ என்பார்கள், நின்று விட்டால் ‘சும்மா நின்றான்’ என்பார்கள். பார்ப்பவர்களின் வாய் அவன் காலை நகர்த்துகிறது. கோயில் முற்றத்தில் நாம் பேசுகிற பேச்சுக்கும் மைதானத்தில் பங்கு உண்டு என்று இதைவிட எப்படிச் சொல்வது?

பிரேசில் கோலி பர்போசாவின் கதை இதைவிடக் கொடுமை. 1950 ஜூலை 16, மரக்கானா மைதானம், உருகுவேயுடன் உலகக் கோப்பையைத் தீர்மானிக்கிற ஆட்டம். உருகுவேயின் முதல் கோலின்போது அவர்களின் கிஜ்ஜா வலது ஓரமாக வந்து நடுவுக்குப் பந்தைக் கொடுத்தார், ஸ்கியாஃபினோ அடித்தார். இரண்டாம் தடவை கிஜ்ஜா அதே ஓரமாக வந்தபோது, மறுபடியும் நடுவுக்குத்தான் கொடுப்பார் என்று பர்போசா ஓர் அடி முன்னால் நகர்ந்தார். யோசிக்கிற எவனும் அதைத்தான் செய்வான். கிஜ்ஜா நேரே கம்பத்துக்கும் அவருக்கும் நடுவில் அடித்துவிட்டார். இரண்டு தடவையும் ஓரத்தில் தோற்ற பாக்கின் பேர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பர்போசா 2000இல் இறந்தார். தன் நாட்டில் அதிகபட்சத் தண்டனையே முப்பது வருடம்தான், தனக்கு மட்டும் ஐம்பதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

நம் நாட்டில் மீர் ரஞ்சன் நேகி. 1982 டெல்லி ஆசியப் போட்டியின் ஹாக்கி இறுதியில் பாகிஸ்தானிடம் இந்தியா ஒன்றுக்கு ஏழு என்று தோற்றது. காசு வாங்கிவிட்டான், துரோகி என்றெல்லாம் கோலியைப் பேசினார்கள். ஏழு பந்தும் பத்துப் பேரைத் தாண்டித்தான் அவரிடம் வந்தன என்பதை யாரும் கேட்கவில்லை. ஆனால் பர்போசாவுக்குக் கிடைக்காதது இவருக்குக் கிடைத்தது. 1998 பாங்காக் ஆசியப் போட்டியில் தன்ராஜ் பிள்ளையின் அணி தங்கம் வென்றபோது கோலிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர் நேகிதான். எந்த இடத்தில் விழுந்தாரோ அந்த இடத்து வேலையையே கொடுத்தார்கள்.

இதைச் சொல்லும்போது எனக்கு எங்கள் பங்கின் பாதுகாவலர் ஞாபகம் வராமல் இருக்காது. பேதுரு ஒரே இரவில் மூன்று தடவை விட்டவர். கரிநெருப்பைச் சுற்றிக் குளிர்காய்ந்துகொண்டே, அந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது என்றவர். யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் திபேரியாக் கடற்கரையில் மறுபடியும் ஒரு கரிநெருப்பு வருகிறது, மேலே மீன் வேகிறது. அங்கே, ஏன் மறுதலித்தாய் என்று இயேசு கேட்கவில்லை. இனிமேல் செய்யமாட்டேன் என்று எழுதி வாங்கவில்லை. அன்பு செய்கிறாயா என்று மூன்று தடவை கேட்டுவிட்டு, ஆடுகளை அவரிடமே ஒப்படைக்கிறார். மன்னிப்பதென்றால் மறந்துவிடுவது என்று நினைக்கிறோம். மறந்திருந்தால் மூன்று தடவை எதற்கு? கணக்கை முழுக்க ஞாபகம் வைத்துக்கொண்டுதான் அதே வேலையைக் கொடுக்கிறார்.

இதை முற்றத்தில் சொன்னேன். விசைப்படகில் டிரைவராகப் போகிற ஒருவன், பள்ளியில் என்னிடம் படித்தவன்தான், உடனே மடக்கினான்: “சாரே, பேதுருவுக்குப் பதிலா எறக்க பெஞ்சுல ஆளு இல்ல. நமக்கு ரெண்டாவது கோலி இருக்கான்லா?”

சிரிப்பு அடங்க நேரமானது. உண்மையில் பெஞ்சில் ஆள் இருந்தான். எல்லாரும் ஓடிப்போனபோது சிலுவையடியில் நின்ற சீடர் யோவான்தான் என்பது மரபு. தகுதி பார்த்தால் அவரிடம்தான் மந்தையைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. இதைச் சொன்னதும் அவன், “அப்போ யோவானுக்கு அநியாயம் இல்லையா?” என்றான்.

இந்தக் கேள்விதான் என்னை இன்னும் விடவில்லை. விட்டவனுக்குக் காட்டுகிற இரக்கம், விடாமல் காத்திருக்கிறவனின் பங்கிலிருந்து எடுத்துக் கொடுப்பது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் ஹாக்கி கோலி ஸ்ரீஜேஷ் பிரிட்டனைக் காலிறுதி ஷூட் அவுட்டில் நிறுத்தியதை நாடே கொண்டாடியது. இன்னொரு கோலி கிருஷன் பகதூர் பாதக் மாற்று ஆட்டக்காரர்கள் வரிசையில் வெளியே இருந்தார். ஹாக்கியில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 2023இல் சென்னையில் நடந்த ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பை மாதிரியான போட்டிகளில் ஸ்ரீஜேஷையும் பாதக்கையும் கால்பகுதிக்கு ஒருவராக மாற்றி மாற்றி இறக்கினார்கள். கால்பந்தில் அது நடக்காது, எத்தனை பேரை மாற்றலாம் என்பதற்கே வரம்பு உண்டு.

எங்கள் இரண்டாவது கோலி முட்டத்துப் பையன். காத்திருந்து காத்திருந்து இப்போது கடைசி வருடம். அவன் அம்மாவிடம் யோவான் நற்செய்தியை எடுத்துக்கொண்டு போனால் வாசலோடு அனுப்பிவிடுவாள், அதில் நியாயமும் உண்டு. என் யோசனை இதுதான், பயிற்சியாளர் கேட்பாரோ என்னவோ: முதல் சுற்று ஆட்டங்களில் முட்டத்துப் பையன் நிற்கட்டும், பரிதாபத்துக்காக இல்லை, அவன் உயரப் பந்தை நம் பையனைவிட நன்றாகவே எடுக்கிறான். நாக் அவுட் தொடங்கினால் பழையவன். அவனுக்குப் புதுக் கையுறை ஒன்று நாமே சேர்ந்து வாங்கிக் கொடுக்கலாம். அந்த இடது பாக்கை மட்டும் யாராவது கவனியுங்கள். பந்து காலில் வந்தால் திரும்பாதே, வெளியே அடி என்று அவனிடம் இதுவரை ஒருவரும் சொன்னதாகத் தெரியவில்லை.