வண்டிக்கு வயசாச்சு

தவறு செய்துதான் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறோம். எல்லாத் தவறும் கற்றுத்தருமா என்று யாரும் கேட்பதில்லை. வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு, தானே கியர் பாக்ஸில் கைவைக்கிறவரைக் கேட்டால் சொல்வார்.

கியர் ஆயில் மாற்றுகிறார். அடிப் போல்ட்டைக் கழற்றிப் பழைய ஆயிலை வடித்தாயிற்று. அப்புறம்தான் ஆயில் ஊற்றும் துளையின் போல்ட் துருப்பிடித்து அசையவே மாட்டேன் என்கிறது. மெக்கானிக்கிடம் ஓட்டிப் போகவும் வழியில்லை, உள்ளே ஆயில் இல்லையே! இனி ஆயுசுக்கும் மேல் போல்ட்டைத்தான் முதலில் தளர்த்திப் பார்ப்பார்.

கிளட்ச் பிளேட்டைத் திருப்பி மாட்டினாலும் அப்படித்தான். நடுவில் புடைத்த பக்கம் பெரும்பாலான வண்டிகளில் கியர் பாக்ஸைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டுப் பூட்டிவிட்டால், பெடலை மிதித்தும் கிளட்ச் விடாது, கியர் விழாது. ஞாயிற்றுக்கிழமை போச்சு, முதுகும் போச்சு. ஆனால் என்ன செய்தோம் என்பது கையோடு தெரிந்துவிடுகிறது.

எனக்குப் பயம் தருவது வேறு. ஜி.எல்.-4 கிரேடு ஆயில் கேட்கும் கியர் பாக்ஸில், எண் கூடினால் தரமும் கூடும் என்று ஜி.எல்.-5 ஊற்றுவது. அது டிஃபரன்ஷியலின் ஹைப்பாய்டு பற்களுக்கு வரும் அழுத்தத்தைத் தாங்கவென்று கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் தூக்கலாகப் போட்ட ஆயில். கியர் பாக்ஸுக்குள் இருக்கும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அந்தக் கந்தகம் மெல்ல அரிக்கக்கூடும். ஊற்றிய அன்றைக்கு எந்தக் குறையும் தெரியாது. கியர் வெண்ணெயாய் விழும். வெகுநாள் கழித்து இரண்டாம் கியரில் கரகரவென்று சத்தம் வரும்போது, “வண்டிக்கு வயசாச்சு சார்” என்பார் மெக்கானிக். ஊற்றியவரே தன்னைச் சந்தேகப்பட மாட்டார். அடுத்த வண்டியிலும் அதே டப்பாவைக் கவிழ்ப்பார், இந்த முறை அனுபவசாலி என்ற பெயரோடு.

உடம்பிலும் பிள்ளை வளர்ப்பிலும் நாம் செய்கிற பிழைகளில் பாதிக்குமேல் இந்தச் சாதிதான் என்று தோன்றுகிறது. விளைவு வந்து சேரும்போது காரணம் எங்கோ பின்தங்கிவிடுகிறது. நடுவில் கிடைத்த அனுபவம் அறிவைத் தரவில்லை, தைரியத்தை மட்டும் தந்திருக்கிறது. ஞாபகத்தைக் கேட்டாலோ, நல்ல ஆயில்தான் ஊற்றினாய் என்று நமக்குச் சாதகமாகவே சாட்சி சொல்லும்.

எங்கள் தெருக்காரர் ஒருவர் பானட்டின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வைக்கிறார்: ஆயிலின் பெயர், கிரேடு, தேதி, ஓடிய கிலோமீட்டர். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று வீட்டில் திட்டு. ஏதாவது சத்தம் கேட்டால், வண்டியின் வயசைச் சொல்வதற்கு முன்னால் அவர் பானட்டைத் தூக்கிப் படித்துப் பார்க்கிறார்.