வண்டி வராத பாதை

இங்கிலாந்தின் வட கோடியில், ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய நார்தம்பர்லாந்தில், கீல்டர் ஏரியைச் சுற்றி ஒரு ஜல்லிப் பாதை போகிறது. லேக்சைட் வே என்பது அதன் பெயர். மொத்த நீளம் சுமார் 42 கிலோமீட்டர். மாரத்தான் ஓட்டத்தின் தூரமும் ஏறக்குறைய அதுதான். 2010 முதல் இந்த ஏரியைச் சுற்றி மாரத்தானும் நடக்கிறது. நடப்பவர், சைக்கிளில் வருபவர், குதிரையில் வருபவர் ஆகியோருக்கு மட்டுமே பாதையில் இடம் உண்டு. இரண்டொரு இடங்களில் வண்டிச் சாலையைக் கடக்க நேரும். மற்றபடி நாள் முழுக்க மிதித்தாலும் பின்னாலிருந்து ஹாரன் ஒலிக்காது.

இத்தகைய பாதைகளுக்காகவே கிராவல் சைக்கிள் என்ற வகை பிறந்தது. பார்வைக்குப் பந்தய சைக்கிள் போலத்தான் இருக்கும். கைப்பிடியும் அதே மாதிரி கீழ்நோக்கி வளைந்திருக்கும். வேறுபாடு டயரில். பந்தய சைக்கிளின் டயர் 25 முதல் 28 மில்லிமீட்டர் அகலம் என்றால், இதற்கு 40 அல்லது அதற்கும் மேல். காற்றையும் பாதியளவுக்கே அடைப்பார்கள். கல்லின் மேல் ஏறும்போது டயர் சற்றே அமுங்கி, அதிர்வைத் தானே வாங்கிக்கொள்ளும்; கைக்கும் முதுகுக்கும் மிச்சம்தான் வந்து சேரும்.

பாதையின் மேற்பரப்பைக் குனிந்து பார்த்தால் வேலை புரியும். உடைத்த கல்லைப் பரப்பி, அதன் பொடியாலேயே இடைவெளிகளை அடைத்து, உருளையால் இறுக்கியிருக்கிறார்கள். நடுவில் லேசான மேடு. மழைநீர் இருபுறமும் வழிந்து ஓடைக்குப் போகும். வளைவுகளின் வெளி ஓரத்தில்தான் சில்லுக் கற்கள் ஒதுங்கிக் குவியும். அங்கே முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சக்கரம் வழுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் பிரேக்கைத் தொடாமல் திரும்புவதே பழகியவர் செய்வது. ஏற்றங்கள் உயரமில்லை, ஆனால் ஒன்று முடியுமுன் அடுத்தது வந்துகொண்டே இருக்கும். கரை விரல் விரலாக உள்ளே போய் வெளியே வருவதால் எதிரே கைக்கெட்டும் தூரத்தில் தெரியும் இடத்துக்குப் போய்ச்சேர நெடுநேரம் ஆகும்.

மனிதனின் கவனம் எதில் செலவாகிறது என்ற கேள்விக்கு இந்தப் பாதை நல்ல விடை தருகிறது. தார்ச் சாலையில் சைக்கிள் ஓட்டுபவரின் காது எப்போதும் முதுகுப்பக்கம் இருக்கிறது. வருவது காரா லாரியா, எவ்வளவு வேகம், ஒதுங்க இடம் இருக்கிறதா என்று மனம் ஓயாமல் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கை நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து. அதனால் அது பழக்கமாகிவிடுகிறது, பழக்கம் என்றுகூடத் தெரியாத அளவுக்கு. வண்டி வராத பாதையில் இறங்கிய உடனே அது விட்டுப்போவதில்லை. முதல் சில கிலோமீட்டர் வரை தோள்கள் இறுகியே இருக்கும், தலை அவ்வப்போது திரும்பிப் பார்க்கும். பிறகு, இன்ன நொடி என்று சொல்லமுடியாதபடி, அது தளர்கிறது. இவ்வளவு பாரத்தையா சுமந்துகொண்டிருந்தோம் என்பது இறக்கி வைத்தபின்தான் தெரியவருகிறது.

அப்படி விடுபட்ட கவனம் சும்மா இருப்பதில்லை. வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் காய் ஒன்று கிடக்கும். செதில்கள் எல்லாம் உரிக்கப்பட்டு நடுத்தண்டு மட்டும் மிஞ்சியிருக்கும். சிவப்பு அணில் உட்கார்ந்து தின்ற இடம் அது. இங்கிலாந்தில் எஞ்சியுள்ள சிவப்பு அணில்களில் ஏறக்குறைய பாதி ஏரியைச் சூழ்ந்த இந்தக் காட்டில்தான் வாழ்கின்றன. மரங்கள் விலகும் இடத்தில் ஹெதர் என்னும் குறும்புதர் மேட்டை மூடியிருக்கும். ஆகஸ்டில் பூத்தால் சரிவு முழுதும் ஊதா. 2009 முதல் விராலடிப்பான் பருந்துகள் கோடைதோறும் வந்து கூடு கட்டுகின்றன. இவற்றைக் காண யாரும் தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டியதில்லை. கண்ணுக்கு வேறு வேலை வைக்காமல் இருந்தால் போதும்.

பேச்சும் மாறுகிறது. சாலையில் இருவர் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். இங்கே பக்கத்தில் பக்கத்தில் போகலாம். முகம் பார்க்காமல், ஒரே திசையைப் பார்த்தபடி, இடைவெளி விட்டுப் பேசும்போது எதிரெதிரே உட்கார்ந்தால் வாயில் வராத பல விஷயங்கள் வெளிவருகின்றன. குழந்தைகளோடு வருபவர்கள் "ஓரமா போ, ஓரமா போ" என்று கத்துவதில்லை. சாலை யாரை வெளியே நிறுத்தியிருக்கிறது என்பது இங்கே கண்ணால் காணக் கிடைக்கிறது: சிறுவர், முதியவர், வேகமாக மிதிக்க முடியாதவர்.

சாலைகள் முதலில் இவர்களை வெளியேற்றும் எண்ணத்தோடு போடப்பட்டவை அல்ல. உடைத்த சிறு கற்களை அடுக்கடுக்காக இறுக்கிச் சாலை போடும் முறையை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் மெக்காடம் பரப்பினார். லேக்சைட் வேயின் மேற்பரப்பு அந்த முறையின் நேர் வாரிசு. ரயில் வந்தபின் பிரிட்டனின் சாலைகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. அவற்றைச் செப்பனிடக் கோரி 1886இல் சாலை மேம்பாட்டுச் சங்கத்தை அமைத்தவர்கள் சைக்கிள் ஓட்டிகள். மோட்டார் வண்டிகளின் வேக வரம்பை மணிக்கு 14 மைலாக உயர்த்திய சட்டம் பத்து ஆண்டு கழித்துத்தான், 1896இல், வந்தது. கேட்டுப் பெற்றவர்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். இன்று அவர்கள் ஜல்லிப் பாதையைத் தேடிப் போவதைப் பொழுதுபோக்கு என்று மட்டும் சொல்வது சரியில்லை.

கீல்டரின் அமைதியை இயற்கையின் கொடை என்று எழுதுவதும் சரியில்லை. காடும் ஏரியும் இரண்டுமே மனிதர் செய்தவை. முதல் உலகப் போரில் மரத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதால் 1919இல் பிரிட்டிஷ் அரசு வனத்துறை ஆணையத்தை நிறுவியது. ஆடுகள் மேய்ந்த இந்த மேடுகளில் 1926இல் நடவு தொடங்கியது. இன்று 600 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்திருக்கும் காட்டில் பெரும்பங்கு சிட்கா ஸ்ப்ரூஸ். வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வந்த மரம். ஈரக் கரிச்சேற்று நிலங்களை வடித்து மரம் நட்டது தவறு என்று பின்னர் உணர்ந்து, சில இடங்களில் மரங்களை அகற்றிச் சதுப்பை மீட்டு வருகிறார்கள்.

ஏரியின் கதை இன்னும் கனமானது. வடகிழக்கின் எஃகு, ரசாயன ஆலைகளுக்குத் தண்ணீர் போதாது என்ற கணிப்பில் நார்த் டைன் ஆற்றின் குறுக்கே அணை எழுந்தது. 1982இல் எலிசபெத் அரசி திறந்துவைத்தார். கொள்ளளவு 20,000 கோடி லிட்டர். பிரிட்டனின் செயற்கை ஏரிகளில் அதிகத் தண்ணீர் கொள்வது இதுதான். அந்த ஆலைகள் நலிந்தன, எதிர்பார்த்த தேவை வரவில்லை. பண்ணைகளும் ஒரு பள்ளியும் பழைய ரயில் தடமும் தண்ணீருக்கடியில் போய்விட்டன. மேற்கு முனையில் 1862ஆம் ஆண்டுக் கல் பாலம் மட்டும் ரயில் இல்லாமல் நிற்கிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு சுற்றுபவருக்கு நிம்மதி குறைவதில்லை. யாருடைய இழப்பின் மேல் அது கிடைத்தது என்ற நினைவும் கூடவே வருகிறது. அது வரத்தான் வேண்டும்.

வட்டப் பாதைக்கு ஒரு குணம் உண்டு. பாதி தூரம் கடந்தவருக்குத் திரும்பிப் போவதும் முன்னே போவதும் ஒரே தொலைவு. வடகரையில் கடை கிடையாது. தண்ணீரும் பஞ்சர் ஒட்டும் சாமானும் கையில் இருக்க வேண்டும். கோடையில் நின்றால் மிட்ஜ் என்ற பொடிப் பூச்சி மொய்க்கும், மிதித்தால் விலகும்.

இந்தப் பாதையில் போகக் கட்டணம் எதுவும் இல்லை. அதைப் போட விலையுயர்ந்த பொருளும் தேவைப்படவில்லை: உடைத்த கல், வடிகால், வண்டியைத் தடுக்கும் கதவு, மழைக்குப்பின் ஓடையைத் தூர்வார ஆள். தேவைப்பட்டது ஒரு தீர்மானம், மோட்டார் இங்கே வேண்டாம் என்று. நீர்த்தேக்கமும் அதைச் சுற்றிக் காடும் தன் பொறுப்பில் உள்ள எந்த அரசும் அந்தத் தீர்மானத்தை எடுக்கலாம், எடுக்க வேண்டும்.