ஊழின் மேல் போட்ட பழி

கோவலன் ஏன் செத்தான் என்று கேட்டால், பள்ளியில் சிலப்பதிகாரம் படித்த எவரும் யோசிக்காமல் சொல்லும் பதில் ஊழ்வினை. காப்பியத்தின் பதிகமே அதற்கு இடம் கொடுக்கிறது. ஆட்சியில் தவறியவனுக்கு அறம் எமனாகும் என்பதும், பத்தினியைப் பெரியோர் போற்றுவர் என்பதும், பழைய வினை தேடி வந்து பலனைக் கொடுக்கும் என்பதும் இந்தக் கதையின் வழியே தெரிவதாகப் பதிகம் சொல்கிறது. நடைமுறையில் மூன்றாவது மட்டும் நம் மனதில் ஓங்கி நின்று, முதலாவதை மங்கச் செய்துவிட்டது. எல்லாம் விதி என்றால் கோவலனைக் கள்வன் என்று காட்டிக்கொடுத்த பொற்கொல்லனைத் திட்டுவதில் பொருளில்லை. கொல்ல ஆணையிட்ட பாண்டிய அரசனும் பாவம், அவனும் விதியின் கையில் ஒரு கருவி. கேட்க ஆறுதலாக இருக்கும் இந்த முடிவைக் காப்பியம் ஏற்கவில்லை என்பதே என் வாதம். ஊழை முழுமையாக நம்புகிறவர்கூட, நம்புகிற காரணத்தாலேயே, அந்தக் கொலைக்கு மனிதர்களைப் பொறுப்பாக்கியாக வேண்டும்.

முதலில் கொலைக்களக் காதையை நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் நினைவில் நிற்பது பின்னால் வரும், கோவலனின் மனைவி கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்கும் வழக்குரை காதைதான். 1964இல் வந்த 'பூம்புகார்' படமும் சென்னைக் கடற்கரைச் சிலையும் அதைத்தான் நமக்குப் பழக்கியிருக்கின்றன. கொலை நடந்த இடத்தில் நடந்தது என்ன? மனைவியின் சிலம்பை விற்க வந்த கோவலனைப் பொற்கொல்லன் காட்டியதுமே காவலர்கள் தயங்குகிறார்கள். இவனுடைய தோற்றத்தில் திருட்டுக் களை இல்லை, கொல்லத்தக்கவன் இவன் அல்லன் என்று வாய்விட்டே சொல்கிறார்கள். பொற்கொல்லன் ஏளனமாகச் சிரித்துவிட்டு, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று திருடர்களுக்குத் துணையாகும் எட்டையும் விளக்கி, அவர்களின் சாமர்த்தியத்துக்குக் கதையும் சொல்கிறான். வேல் ஏந்திய ஓர் இளைஞன், மழைக்கால இருட்டில் தன் வாளையே பிடித்துப் பறித்துக்கொண்டு மறைந்துபோன திருடனைப் பற்றிச் சொல்லி, பேசாமல் இருந்தால் அரசன் நம்மைத் தண்டிப்பான், என்ன செய்வது, சொல்லுங்கள் என்று கேட்கிறான். யாரும் பதில் சொல்லும் முன், படிப்பறிவில்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். இத்தனை பேச்சுக்கிடையில் கோவலனிடம் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. உன் பெயர் என்ன, எந்த ஊர், இந்தச் சிலம்பு யாருடையது? ஒன்றுகூடக் கேட்கவில்லை.

காப்பியத்தை எழுதிய இளங்கோ இதை வேண்டுமென்றே நீட்டியிருக்கிறார். விதிதான் கொன்றது என்று காட்ட நினைக்கும் கவிஞனுக்குச் சந்தேகப்படும் காவலர்கள் தேவையில்லை. இடி விழுந்ததுபோல ஒரு வரியில் முடித்திருக்கலாம். கொலை நின்றுபோயிருக்கக்கூடிய இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, அங்கெல்லாம் யார் தவறினார்கள் என்று நம்மைப் பார்க்க வைக்கிறார். அரசனின் ஆணையும் அப்படிப்பட்ட ஓர் இடமே. நாடக மகளிரின் ஆடல் பாடலில் கணவன் மனம் வைத்ததைக் கண்டு ஊடிய கோப்பெருந்தேவி, தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். அரசன் அமைச்சர் குழுவை விட்டு நீங்கி, அவளைச் சமாதானப்படுத்தப் போகிற வழியில், அந்தப்புர வாசலில் பொற்கொல்லன் குறுக்கிடுகிறான். தேவியின் சிலம்பு ஒரு கள்வன் கையில் இருக்கிறது என்கிறான். அப்படி இருந்தால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவாருங்கள் என்று நின்ற இடத்திலேயே ஊர்க்காவலருக்கு உத்தரவாகிறது. இந்த இடத்தில் கவிஞர் இரண்டு செய்திகளைச் சேர்த்தே சொல்கிறார்: வினை விளையும் நேரம் வந்துவிட்டது, அரசன் எதையும் ஆராயவில்லை. முதல் செய்தியை எடுத்துக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டால் அது அரைகுறைப் படிப்பு.

இரண்டும் எப்படி ஒன்றாக நிற்க முடியும் என்பதே தத்துவக் கேள்வி. கட்டுரை காதையில் மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி கண்ணகிக்குச் சொல்லும் முற்பிறப்புக் கதையில் இதற்கு விடை இருக்கிறது. கலிங்க நாட்டில் சிங்கபுரத்துக்கும் கபிலபுரத்துக்கும் பகை. சிங்கபுரத்துக்கு மனைவியோடு வந்து அணிகலன் விற்றுக்கொண்டிருந்த சங்கமன் என்ற வணிகனை, அரச ஊழியனான பரதன் எதிரியின் ஒற்றன் என்று காட்டிக்கொடுத்தான். அரசன் கொன்றுவிட்டான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அலறித் திரிந்து, எங்களுக்கு இதைச் செய்தவர்கள் இதையே அடையட்டும் என்று சபித்து, மலையிலிருந்து குதித்து உயிரை விட்டாள். அந்தப் பரதனே இந்தப் பிறப்பில் கோவலன். இந்தக் கதையைச் சொன்னதும் பலர் நிம்மதியடைந்து விடுகிறார்கள்: செய்ததற்குக் கிடைத்தது. ஆனால் ஒரு படி மேலே போய்க் கேட்போம். சங்கமன் சாவும் அவனுடைய பழைய வினையின் பலன்தானே? அப்படியானால் பரதன் வெறும் கருவி. கருவிக்குக் குற்றமில்லை என்றால், குற்றமில்லாத பரதன் அடுத்த பிறப்பில் கோவலனாகி வெட்டுப்பட வேண்டிய காரணம் என்ன? பரதனுக்குக் குற்றம் உண்டு என்றால், அவன் செய்ததையே மறுபடி செய்த பொற்கொல்லனுக்கும், சிங்கபுரத்து அரசன் செய்ததையே மறுபடி செய்த பாண்டியனுக்கும் குற்றம் உண்டு. வினைக் கோட்பாடு ஓடுவதே, வினை செய்தவன் அதற்குப் பொறுப்பாளி என்ற ஒரே அச்சில்தான். அந்த அச்சைக் கழற்றிவிட்டு ஊழை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

இளங்கோவைச் சமணத் துறவி என்றே மரபு கொள்கிறது. சமணத்தில் வினை என்பது எங்கிருந்தோ எழுதி அனுப்பப்படும் தலையெழுத்து அன்று. உயிர் தன் செயலால் தானே ஒட்டிக்கொள்ளும் கட்டு. கொல்லப்படுகிறவனின் பழைய வினை தீர்கிறது என்பதற்காகக் கொல்கிறவனுக்குப் புதிய வினை ஒட்டாமல் போவதில்லை. வள்ளுவரும் ஊழ் அதிகாரத்தை எழுதியதோடு நில்லாமல் ஆள்வினையுடைமையையும் எழுதினார். செங்கோன்மையை, ஆராய்ந்து நீதி செய்வது என்பதிலிருந்தே தொடங்கினார். இவற்றையெல்லாம்விடப் பெரிய சான்று பாண்டியன். கண்ணகி வந்து நிற்கும்போது முதலில் அவன் சட்டம் பேசுகிறான்: கள்வனைக் கொல்வது கொடுங்கோன்மை ஆகாது என்கிறான். தேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம் என்பது தெரிந்து, உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததும், கள்வன் தான்தான் என்று ஒப்புக்கொண்டு அந்த இடத்திலேயே உயிரை விடுகிறான். ஊழ் என்ற சாக்கு அவனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை அவன் தொடவே இல்லை. அரசனே கேட்காத மன்னிப்பை வாசகர்கள் அவனுக்காக வாங்கித் தர வேண்டியதில்லை.

அரசன் ஏமாற்றப்பட்டவன்தானே, உண்மையான கொலைகாரன் பொற்கொல்லன் ஒருவனே என்பார்கள். தேவியின் சிலம்பைத் தானே திருடிவிட்டு, அந்தப் பழியைப் புதிதாக ஊருக்கு வந்தவன் தலையில் கட்டியவன் அவன். அவனுக்காகப் பேச ஒன்றுமில்லை. ஆனால் பொய் தானாக யாரையும் வெட்டாது. கேட்டவுடன் நம்பி வாளை அனுப்பும் அதிகாரம் ஒன்று இருந்தால்தான் பொய்யனால் கொல்ல முடியும். அதுவும் இது அரசன் வீட்டுப் பொருள் பற்றிய வழக்கு. வாதியே நீதிபதியாக இருக்கும் இடத்தில் இரட்டிப்பு நிதானம் வேண்டும். சிலம்பின் பரல் என்ன என்ற ஒரு கேள்வி போதுமாயிருந்தது. கொலைக்குப் பிறகு நடந்த சோதனையைக் கொலைக்கு முன் நடத்தத் தடையாக இருந்தது ஊடல் தீர்க்கும் அவசரம் ஒன்றுதான். இன்னும் சிலர் கோவலனையே குறை சொல்வார்கள்: ஆடல் மகள் மாதவியிடம் போனான், சொத்தை அழித்தான், அதனால்தான் சிலம்பு விற்க மதுரைக்கு வர நேர்ந்தது. அவன் கண்ணகிக்குச் செய்தது அநியாயம்தான். அதற்கு அவன் பதில் சொல்ல வேண்டியது கண்ணகியிடம், அரசனின் காவலரிடம் அன்று. ஒரு சாவுக்கு முன்னால் நடந்ததெல்லாம் அந்தச் சாவுக்குக் குற்றமாகிவிடாது. மாதவியை இந்த வழக்கில் இழுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

நிதானித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கும் மதுராபதித் தெய்வமே ஒரு வழக்கைச் சொல்கிறது. தங்காலில் வாழ்ந்த வார்த்திகன் என்ற அந்தணனின் மகனுக்கு ஒருவன் அணிகலன்களைப் பரிசாகக் கொடுத்தான். பொறாமை கொண்ட அரச ஊழியர்கள் அதைப் புதையல் என்று சொல்லி வார்த்திகனைச் சிறையில் அடைத்தார்கள். அவன் மனைவி கார்த்திகை அழுது புலம்ப, ஐயை கோயில் கதவு திறக்காமல் நின்றது. பாண்டியன் காரணம் விசாரித்தான், உண்மை தெரிந்ததும் வார்த்திகனை விடுவித்து வணங்கி மன்னிப்புக் கேட்டான், தங்காலையும் வயலூரையும் அவனுக்குக் கொடுத்தான். அங்கேயும் நகை, அங்கேயும் பொய்க் குற்றச்சாட்டு, அங்கேயும் அழுகிற மனைவி. ஆனால் வார்த்திகன் சிறையில் உயிரோடு இருந்தான். திருத்திக்கொள்ள அரசனுக்கு அவகாசம் இருந்தது. கோவலன் விஷயத்தில் அந்த அவகாசத்தை வெட்டியெறிந்தது அரசனின் உத்தரவு.

கோவலன் சாவோடு கதை நின்றுவிடவும் இல்லை. அரசனோடு கோப்பெருந்தேவி இறந்தாள். அடைக்கலம் கொடுத்த இடைச்சி மாதரி, தன்னை நம்பி ஒப்படைத்தவர்களைக் காக்க முடியவில்லையே என்று தீயில் விழுந்தாள். வழித்துணையாக வந்த கவுந்தியடிகள், தன் வினையும் இதில் சேர்ந்துகொண்டதோ என்று கலங்கி உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார். செய்தி கேட்டு கோவலன், கண்ணகி இருவரின் தாய்மாரும் புகாரில் இறந்தார்கள். அந்தச் செய்தியைக் கொண்டுபோன மாடலன், தன் வாய்ச்சொல்லால் உயிர்கள் போயினவே என்று பாவம் தீரக் கங்கைக்கு நடந்தான். எந்தக் குற்றமும் செய்யாத மூவர் பொறுப்பைத் தேடிப்போய்த் தலையில் ஏற்றுக்கொள்கிறார்கள். காவலர் கூட்டத்திலிருந்து ஒருவன்கூட முன்வந்து தவறு செய்துவிட்டோம் என்று சொல்வதாகக் காப்பியத்தில் இல்லை.

கண்ணகி மதுரைக்கு வைத்த தீயைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் சேர் என்று அவள் தீக்கடவுளுக்குச் சொல்கிறாள். ஆடி மாதத் தேய்பிறை எட்டாம் நாளில் மதுரை எரியும் என்று முன்பே ஒரு வாக்கு இருந்ததாகவும் காப்பியம் சேர்க்கிறது, மறுபடி ஊழ். அவளுடைய துயரத்துக்கு முன் நின்று தீர்ப்புச் சொல்ல யாருக்கும் நா எழாது. ஆனாலும் பாண்டியனுக்கு வைத்த அளவுகோலைப் பத்தினி என்பதற்காக மாற்ற முடியாது. எரிந்த தெருக்களில் இருந்தவர்களில் யார் தீயவர் என்று யாரும் விசாரிக்கவில்லை. அந்த வீடுகளுக்கு அவளும் பொறுப்பாளிதான்.

இவை எல்லாவற்றையும்விடக் கொடிய கொலை, அதிகம் பேசப்படாத கொலை, கொற்கையில் நடந்தது. மழை பொய்த்து நோய் பரவியபோது, அங்கிருந்த பாண்டிய அரசன் வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரம் பேரைக் கண்ணகிக்கு ஒரே நாளில் பலி கொடுத்தான். மழை பெய்தது, நோய் தீர்ந்தது என்கிறது காப்பியம். அதே காப்பியத்தில் கோவலனின் பழைய கதை ஒன்றும் இருக்கிறது. புகாரில் பொய்ச்சாட்சி சொன்ன ஒருவனைச் சதுக்கப் பூதம் விழுங்க வந்தபோது, அவனுடைய தாய் அழுவதைப் பார்த்து, அவனுக்குப் பதில் என் உயிரை எடுத்துக்கொள் என்று கோவலன் கேட்டான். தீயவன் உயிருக்கு ஈடாக நல்லவன் உயிரை வாங்குவது எங்களிடம் இல்லை என்று பூதம் மறுத்துவிட்டது. ஒருவன் குற்றத்துக்கு இன்னொருவன் உயிர் ஈடாகாது என்பது பூதத்துக்குத் தெரிந்திருந்தது, அரசனுக்குத் தெரியவில்லை. பொற்கொல்லன் ஒருவன் சொன்ன பொய்க்கு, அவன் தொழிலைச் செய்தார்கள் என்பதைத் தவிர வேறு தொடர்பு சொல்லப்படாத ஆயிரம் பேர் மாண்டார்கள். பத்தினியைப் போற்றும் விழா என்ற பெயரில் அதைக் கடந்துபோகக் கூடாது. பெய்த மழை அதை நியாயமாக்காது. அந்த ஆயிரம் உயிர்களுக்கும் பொறுப்பு வெற்றிவேற்செழியன்.