உன் மேல்வீட்டுச் சாவி எங்கே?



சென்ற முழு இரவு ஜெபத்தில் விண்ணப்பச் சீட்டுகளை வாசித்தபோது, ஒரே விண்ணப்பம் திரும்பத் திரும்ப வந்தது: "வாடகைக்கு வீடு கிடைக்க ஜெபியுங்கள்." பெருங்களத்தூரில் இருக்கிற நமக்கு இந்தப் பாரம் தெரியும். ரயிலை நம்பி, தாம்பரத்து மெப்ஸ் கம்பெனிகளை நம்பி வந்து குடியேறினவர்கள் நம்மில் அநேகர். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையமும் பக்கத்தில் வந்துவிட்டது. வாடகை பத்தாயிரம் என்றால் சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் ஒரு லட்சம். தரகருக்கு ஒரு மாத வாடகை, வண்டிக்கூலி தனி. கூலி வேலை செய்கிறவன் எங்கே போவான்?

ஒரு சகோதரி வந்து அழுதார்கள். "வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க பாஸ்டர். பையன் பத்தாவது படிக்கிறான், தூரமா போக முடியாது. பீர்க்கன்கரணை, முடிச்சூர் எல்லாம் அலைஞ்சாச்சு. எத்தனை பேருன்னு கேக்குறாங்க. கறி சமைப்பீங்களான்னு கேக்குறாங்க. கடைசியா நீங்க என்ன ஆளுங்கன்னு கேக்குறாங்க."

நான் ஜெபித்து, "கர்த்தர் வாசலைத் திறப்பார் சிஸ்டர்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் படி இறங்கினவுடனே ஆவியானவர் என்னைக் கடிந்துகொண்டார். நம் சபை விசுவாசி ஒருவருடைய மேல்போர்ஷன் இரண்டு மாதமாய்ப் பூட்டிக் கிடப்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. ஏன்? "நம்ம ஆளுங்களா இருந்தா சொல்லுங்க பாஸ்டர்" என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். இயேசுவின் இரத்தத்தால் மீட்கப்பட்டவர்கள் என்ற அர்த்தத்தில் அவர் அதைச் சொல்லவில்லை. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் மனம் நோகுமே என்று பயந்தேன். அது என் பாவம். சபைக்கு முன்பாக அறிக்கையிடுகிறேன்.

குளிரிலும் பசியிலும் நிற்கிற சகோதரனிடம் வாய்ச்சொல் மட்டும் கொடுத்து அனுப்பினால் பிரயோஜனம் என்ன என்று யாக்கோபு 2:15,16-ல் கேட்கிறார். அன்று அந்தக் கேள்வி எனக்கே வந்தது.

2 இராஜாக்கள் 4-ம் அதிகாரத்தில் சூனேம் ஊர் ஸ்திரீயைப் பாருங்கள். எலிசா அந்த வழியாய்ப் போகிறவர், வருகிறவர். அவர் அறை கேட்கவில்லை. அவளே பார்த்து, புருஷனிடம் பேசி, மேலே ஒரு சிறிய அறை கட்டினாள். கட்டில், மேஜை, நாற்காலி, விளக்கு வைத்தாள். அதோடு கதை முடியவில்லை. 8-ம் அதிகாரத்தையும் வாசியுங்கள். பஞ்சம் வந்தது. அதே ஸ்திரீ ஏழு வருஷம் பெலிஸ்தர் தேசத்தில் பரதேசியாய்த் தங்கினாள். திரும்பி வந்து, தன் வீட்டுக்காகவும் வயலுக்காகவும் ராஜாவிடம் முறையிட்டு நின்றாள். அறை கொடுத்தவளே வீடில்லாமல் நின்றாள்! அந்த வேளையில்தானே கேயாசி ராஜாவிடம் அவளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். ராஜா அவளுக்குள்ளதையெல்லாம் திரும்பக் கொடுக்கக் கட்டளையிட்டான். தேவபிள்ளையே, இன்று நீ வீட்டுக்காரன். நாளை உன் நிலை என்ன என்று கர்த்தர் ஒருவரே அறிவார்.

2015 டிசம்பரை மறந்துவிட்டோமா? அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் நின்றபோது, கீழ்வீட்டுக்காரர் மேல்வீட்டுக்கு ஓடினார்கள். அன்று மாடிப்படியில் நின்று "என்ன ஆளுங்க" என்று யார் கேட்டது? தண்ணீர் வடிந்தவுடன் அந்தக் கேள்வி திரும்பி வந்துவிட்டது.

வீடுள்ள சகோதரரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், இரு தரப்பும் வேறுவிதமாய் ஒப்பந்தம் செய்யாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்து, மீதியைத் திருப்பித் தரவும் சொல்கிறது. உலகத்துச் சட்டமே மூன்று என்கிறபோது, விசுவாசி பத்து கேட்கலாமா? உபாகமம் 24:10,11-ல், கடன் கொடுத்தவன்கூட அடகு வாங்க மற்றவன் வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்கவேண்டும் என்று கர்த்தர் வைத்தார். ஏழையின் வாசற்படிக்கும் தேவன் மரியாதை வைத்திருக்கிறார்! சொல்லாமல் உள்ளே வந்து சமையற்கட்டை எட்டிப் பார்க்கிற வீட்டுக்காரரே, இதைக் கவனியுங்கள்.

குடியிருக்கிற சகோதரரே, உங்களுக்கும் உண்டு. வீடு கிடைக்கவேண்டுமென்று இயேசுவை மறைக்காதேயுங்கள். ஆட்களின் எண்ணிக்கையில் பொய் சொல்லாதேயுங்கள். வாடகையைச் சொன்ன தேதியில் கொடுங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். இராத்திரி பத்து மணிக்குமேல் பக்கத்து வீட்டுக் குழந்தை எழும்பும்படி சத்தமிட்டு ஜெபிப்பது சாட்சியல்ல. சொந்த வீடில்லை என்று வெட்கப்படவும் வேண்டாம். அப்போஸ்தலர் 28:30-ஐப் பாருங்கள். ரோமாபுரியில் பவுல் இரண்டு வருஷம் இருந்தது வாடகை வீட்டில்தான். தம்மிடம் வந்த எல்லாரையும் அங்கே ஏற்றுக்கொண்டு, தடையில்லாமல் சுவிசேஷம் சொன்னார். பிலிப்பியர், எபேசியர் நிருபங்கள் அங்கிருந்தே எழுதப்பட்டன என்று வேத அறிஞர் அநேகர் கருதுகிறார்கள். வாடகை வீட்டில் உட்கார்ந்து எழுதினது இன்று உலகமெங்கும் வாசிக்கப்படுகிறது. அல்லேலூயா!

அந்தச் சகோதரரை நான் போய்ப் பார்த்தேன். இதுவரை பேசாமல் இருந்ததற்கு முதலில் நான் மன்னிப்புக் கேட்டேன். "யோசிச்சு சொல்றேன் பாஸ்டர்" என்றார். யாரென்று தேடாதிருங்கள், பூட்டிய போர்ஷன் உள்ள ஒவ்வொருவரும் தன் சாவியை எடுத்துப் பார்க்கட்டும். மாதக் கடைசிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. பையனுக்குப் பரீட்சையும் நெருங்குகிறது.

வரும் ஞாயிறு முதல் ஆலயத்தின் பின்மேஜையில் ஒரு நோட்டு இருக்கும். வீடு தேவைப்படுகிறவர்கள் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். காலி வீடு உள்ளவர்கள் மறுபக்கத்தில் எழுதுங்கள். ஜாதி எழுத அதில் இடம் இராது. பெத்லகேம் சத்திரத்தில் இடமில்லாமல் பிறந்தவர், பிதாவின் வீட்டில் நமக்கு இடம் ஆயத்தம்பண்ணப் போயிருக்கிறார். அவர் நம்மிடம் அட்வான்ஸ் கேட்கவில்லை, ஆள் விசாரிக்கவுமில்லை. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்