மன்னிக்கும் உரிமை யாருக்கு?

பிழை செய்தவரைத் தண்டிக்கத் துடிப்பவரினும் பிழை பொறுப்பவரே பெரியவர் என்று நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். அவ்வளர்ப்பில் குறை காண்பது நம் நோக்கமன்று. ஆயினும் ஒரு வினா நெஞ்சை அரித்துக்கொண்டே இருக்கிறது.

நம் அலுவலக நண்பர் ஒருவர் நெல்லைச் சீமையிலிருந்து திருவனந்தபுரத்திற்குப் பிழைக்க வந்தவர். வழக்கப்படி மனைவியைத் தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு அனுப்பினார். அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தார்கள். தலையில் வீக்கம். பிறந்த குழந்தையின் தலைவீக்கம் பெரும்பாலும் தானே வடிந்துவிடும். ஆனால் உச்சித் தோலுக்கடியில் இரத்தம் கசிந்து பரவினால் உயிருக்கே ஆபத்து. எது எதுவென்று அறிய மணிக்கு மணி கவனித்தாக வேண்டும். கவனித்தார்களா? நண்பர் கேட்கவில்லை. “எல்லாம் விதி, டாக்டரை மன்னித்துவிட்டோம்” என்றார். குழந்தைக்கு இப்போது வயது ஆறு. உட்காரவும் ஒருவர் தாங்க வேண்டும்.

நண்பரின் பெருந்தன்மையை வணங்குகிறோம். ஆனால், அவர் விட்டுக்கொடுத்தது தம் துயரத்தை மட்டுமா? அக்குழந்தையின் வாழ்நாட் பராமரிப்புக்கு உரியதையும் சேர்த்தல்லவா? பிறர் உடைமையை எடுத்து வழங்குவது எவ்வகையில் ஈகையாகும்?

சட்டம் இவ்வேறுபாட்டை அறிந்திருக்கிறது. 1998இல், தவறான ஊசியால் மூளை பாதிக்கப்பட்ட ஒரு குழந்தையின் வழக்கில் (அது பிரசவ வழக்கன்று) குழந்தைக்கு 12.5 லட்சம் ரூபாயும், பெற்றோரின் மனவேதனைக்கு 5 லட்சமும் எனத் தனித்தனியே அளித்ததை உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. கட்டணம் பெறும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்டது என்பது 1995லேயே முடிவாயிற்று. எல்லார்க்கும் இலவசமாக நடக்கும் அரசு மருத்துவமனை அதில் அடங்காது. அங்கே உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம். ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வசதி செய்திருக்கிறது: வாழும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். காலக்கெடு 2 ஆண்டுகள். தாமதத்திற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தரவேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு விதி. கோப்புகளோடு வாழும் குமாஸ்தாக்களாகிய நாமே அதைக் கேட்கக் கூசுகிறோம்!

இது மருத்துவரைச் சிறைக்கு அனுப்பும் முயற்சி அன்று. குற்றவழக்கிற்குப் பெருங்கவனக்குறைவு வேண்டும் என 2005இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. கவனமுள்ள கையும் சிலவேளை தவறும். 1970இல் பர்மிங்ஹாமில் ஆயுதப் பிரசவ முயற்சிக்குப் பின் மூளை பாதிப்போடு பிறந்த குழந்தையின் வழக்கு, கவனக்குறைவு மெய்ப்பிக்கப்படவில்லை என்று 1980இல் பிரபுக்கள் சபையில் தோற்றது. மருத்துவருக்கு அது நீதிதான். குழந்தைக்கு? ஜப்பான் 2009 முதல், பிரசவத்தில் பெருமூளை வாதமுற்ற குழந்தைகளுக்கு, சில வரையறைகளுக்குட்பட்டு, எவர் குற்றம் என்று கேளாமலே உதவுகிறது. நம் நாட்டில் குற்றத்தை மெய்ப்பித்தாலன்றி இழப்பீடு இல்லை.

சிறார் தம் உரிமைக்கு வயது வந்தபின்னும் உரிமையியல் வழக்குத் தொடுக்கலாம் என்கிறது 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம். பெற்றோரின் மௌனத்தோடு பிள்ளையின் உரிமை மடிந்துவிடுவதில்லை. சென்ற மாதம் நண்பரிடம் இதைச் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “டிஸ்சார்ஜ் சீட்டு வீட்டில்தான் எங்கோ இருக்கிறது” என்றார்.