தராசும் கிராணியும்

தோட்டத்தில் ஒருவருக்குக் குறை நேர்ந்தால் அது மானேஜர் செவிக்கு எட்டுவது பெரும்பாலும் கிராணியின் பேனா வழியாகத்தான். ஆங்கிலப் பள்ளியிற் கற்ற நான், பிறர் துயரை மேலிடத்துக்கு உகந்த மொழியில் எடுத்துரைப்பதே என் கடமை என நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அந்த ‘உகந்த மொழி’ நியாயமானதுதானா?

பால்மரம் வெட்டும் அம்மாள் ஒருவர் ஒருநாள் ஆபீஸ் படியருகே வந்து, “கிராணி ஐயா, தராசு பொய் சொல்லுது. வாளிக் கனம் என் தோளுக்குத் தெரியாதா?” என்றார். நான் மானேஜருக்கு எழுதியது யாது? ‘நிறுவை குறித்துச் சிலர் ஐயம் தெரிவிக்கின்றனர்’ என்பதே. பொய் என்ற சொல் ஐயமாகத் தேய்ந்தது. எதிரே நின்ற அம்மாள் ‘சிலர்’ ஆனார். அக்காகிதம் பைலில் உறங்கியதில் வியப்பென்ன? விடை வேண்டாத விதமாகவன்றோ எழுதியிருந்தேன்!

இரண்டு மாதங் கழித்து அவரே வழிகாட்டினார். கடையில் வாங்கிய 10 கிலோ அரிசிப் பையைக் கட்டுப் பிரிக்காமல் தராசில் வைத்தார். முள் ஒன்பதரையில் நின்றது. அன்று மாலையே நாள், நேரம், கண்ட நிறை, உடனிருந்தோர் யாவும் குறித்து, தராசைச் சோதிக்க வேண்டும், குறைந்த கூலியைக் கணக்கிட்டுத் தரவேண்டும் என்று எழுதினேன். கை நடுங்கியதை மறைப்பானேன்? நான்காம் நாள் தராசு மாற்றப்பட்டது.

தெளிவாகச் சொன்ன குறையெல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் வாதிக்க வரவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூலியுயர்வு மட்டுமா கேட்டனர்? வெள்ளைத் துரைமார் முன்னும் தோட்ட உத்தியோகஸ்தர் முன்னும் சைக்கிளை விட்டிறங்கும் கட்டாயம் ஒழிய வேண்டும் எனவும் கேட்டனர். அதற்கு விடையாகப் பட்டாளம் வந்தது. தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர். அவர்களை வழிநடத்திய ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். இதைப் படிக்கும்போதெல்லாம் என்னை உறுத்துவது வேறொன்று. அந்த உத்தியோகஸ்தர் வரிசையில் கிராணியும் இருந்தான். தன் முன்னே இறங்கி நின்றவனுடைய மனக்குறையை அவன் எந்த மொழியில் மேலே எழுதியிருப்பான்? எழுதியிருப்பானா?

தராசு மாறியது, ஆனால் கூலிக் கணக்கோ என் இரண்டாங் கடிதத் தேதியிலிருந்துதான் திருத்தப்பட்டது. முதற் காகிதத்தில் தராசில் பிழை என்று எங்கும் எழுதப்படவில்லையாம். உண்மைதான். அந்த இரண்டு மாதத்துக் குறைகூலியை அம்மாள் இன்னும் பெறவில்லை. மூன்றாங் கடிதம் என் மேசைமேல் பாதியில் கிடக்கிறது. அம்மாள் முதல்நாள் சொன்ன சொல்லையும், அதை நான் மாற்றி எழுதியதையும் அதில் எழுதவேண்டியிருக்கிறது.